அக்காவின் இடுப்பில் சீனி

உங்களில் யாருக்கெல்லாம் சீனி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. நம் வயதில் அதைக் கேட்பது, தலையில் நரை இருக்கிறதா என்று கேட்பது மாதிரி. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து மாத்திரை தேடுகிற கூட்டம்தானே நாம்! பாயசம் வந்தால் பெரிய தியாகி மாதிரி கையை ஆட்டி மறுத்துவிட்டு, பரிமாறுகிறவன் நகர்ந்ததும் பக்கத்து டம்ளரில் ஒரு வாய் வாங்கிக் குடிக்கிறவர்களும் நாம்தான். வெட்கம் கெட்டதுகள். சரி, உங்களைத் திட்டுவதற்காக நான் உட்காரவில்லை. எனக்கு மனசு சரியில்லை. யாரிடமாவது சொல்லியாகவேண்டும். சின்னவர்களிடம் சொன்னால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "ஓ, அப்படியா" என்கிறார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

போன மாதம் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடன நிகழ்ச்சி. எதிர்வீட்டுப் பெண்ணின் மகள் ஆடினாள். அந்தப் பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே சீனி. இடுப்பில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மிஷின். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுக்குப் போகிறது. இன்சுலின் பம்ப் என்கிறார்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை அதுவே உள்ளே விடுமாம். பிள்ளை மேடைக்குப் போவதற்கு முன்னால் தாய்க்காரி அதன் பொத்தானை அமுக்கி என்னவோ செய்தாள்.

"என்னாம்மா பண்றே?" என்று கேட்டேன்.

"மருந்தக் கொறைச்சு வெக்கிறேன் ஆன்ட்டி. ஆடுனா சீனி கீழ எறங்கிரும்லா. அப்பறம் கையி காலு நடுங்கும், மயக்கம் வரும். அதுக்குத்தான் ஜூஸும் கொண்டாந்திருக்கேன்" என்று பையைத் திறந்து காட்டினாள்.

மழை வந்தால் துணியை எடுக்கவேண்டும் என்று சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னாள். பிள்ளை ஆடி முடித்து, கீழே வந்து, ஜூஸை உறிஞ்சிக்கொண்டே தோழிகளோடு சிரித்தது. நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆத்திரத்தில் அழுதேன். இவ்வளவுதானா? ஒரு வாய் இனிப்புத் தண்ணி, இவ்வளவுதானா விஷயம்?

எனக்கு ஓர் அக்கா இருந்தாள்.

எழுபதுகளின் நடுவில், கோலா கங்சாருக்கும் ஈப்போவுக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. அந்த வருஷம் மரங்கள் இலை உதிர்த்த காலத்தில்தான் அக்கா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். குடித்தாள் என்றால் சாதாரணக் குடி இல்லை. பள்ளியிலிருந்து வந்ததும் பானையோடு உட்கார்ந்துவிடுவாள். நடந்தால் காய்ந்த இலை காலடியில் நொறுங்கும். அந்த வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது என்று அம்மா விட்டுவிட்டாள். பிறகு அக்காவின் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. வளர்கிற பிள்ளை, இளைக்கத்தான் செய்யும் என்றார்கள். பின்பக்கச் சாக்கடையோரம், ராத்திரி அவசரத்துக்குப் பிள்ளைகள் ஒதுங்குகிற இடத்தில், சிவப்பு எறும்பு சாரை சாரையாக வந்தது. அம்மா எங்கள் இருவரையும் நிற்கவைத்து, "யாருடி இங்க சீனியக் கொட்டுனது?" என்று காதைத் திருகினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அக்கா மயங்கி விழுந்தாள். தோட்டத்து லாரியில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கென்சிங் மானிஸ் என்று சொன்னார்களாம். மலாயில் இனிப்பு மூத்திரம் என்று அர்த்தம். நம் ஆட்கள் அதைச் சீனி வியாதி ஆக்கினார்கள். இந்த வியாதிக்குச் சீனி என்று பேர் வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி! வேறு என்ன பேர் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். வாயில் நுழையாத இங்கிலீஷ் பேராக இருந்திருந்தால்கூட எங்கள் வீட்டில் அதைப் புரிந்துகொண்டதாக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சீனி என்றதும் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது.

அக்காவை வீட்டுக்கு அனுப்பிய அன்று நானும் போயிருந்தேன். வார்டு மிஸ்ஸி, நர்ஸை அப்படித்தான் சொல்வோம், ஒரு மலாய்க்காரப் பெண். அழகாக இருந்தாள், அவசரமாக இருந்தாள். தினமும் ஊசி போடவேண்டும், இனிப்பு சாப்பிடக்கூடாது என்று கைவிரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். கடைசியாக, தன் இரண்டு கைகளையும் நடுங்குவது மாதிரி ஆட்டிக் காட்டி, "காசி குலா, சப்பாட் சப்பாட்" என்றாள். சீனி கொடு, சீக்கிரம் சீக்கிரம் என்பதுதான் அது. குலா என்றால் சீனி; இது தெரியாத தமிழன் மலாயாவில் கிடையாது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, நடுங்குனா சீனி குடுக்கச் சொன்னாங்களே?"

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? சீனி வியாதிக்காரிக்கு எவளாச்சும் சீனி குடுக்கச் சொல்லுவாளா? ஜங்ஙான் காசின்னு சொல்லிருப்பா. உங்காதுல ஜங்ஙான் விழல."

ஜங்ஙான் என்றால் கூடாது.

"சொன்ன மாதிரி தெரியலையே."

"அவ பேசுன வேகத்துக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சாக்கும் உனக்கு. கொஞ்சம் ரோசன பண்ணிப் பாரு லா."

அம்மா யோசனை பண்ணிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஆமாங்க, ஜங்ஙான்னுதான் சொல்லிருக்கணும்" என்றாள். பஸ் சுங்கை சிப்புட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மிஸ்ஸி சொல்லாத ஒரு சொல்லை அவள் வாயில் வைத்துவிட்டார்கள். அன்பினால்தான் வைத்தார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அதன் பிறகு வீட்டுக்குள் இனிப்பு என்பதே இல்லாமல் போனது. அப்பா தேத்தண்ணியில் சீனி போடுவதை விட்டார். மூன்று கரண்டி போட்டுக் குடிக்கிற மனிதர்! முதல் நாள் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். விருந்தாளிகளுக்கென்று பிஸ்கட் டின்னில் கொஞ்சம் சீனி மட்டும் உத்தரத்துக்குப் பக்கத்தில் ஏறியது. காலையில் பிரட்டுக்குப் போகும் வழியில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போகும் வழியில், அம்மா அக்காவைத் தோட்டத்து மருந்தகத்தில் விடுவாள். அங்கே மருந்து கொடுக்கிற டிரசர், கண்ணாடி ஊசியைக் கொதிக்கும் தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்து, தொடையில் குத்துவார். அவருக்குத் தெரிந்ததும் ஒன்றுதான்: "இனிப்பு தொடக்கூடாது, கேட்டியா?" ஸ்பிரிட்டு வாசனையோடு அக்கா பள்ளிக்கூடம் வருவாள். மருந்து ஏறிய நாள்முதல் அவள் கன்னம் உப்பியது, நிறம் திரும்பியது. எங்களுக்கு அது போதும் என்று இருந்தது.

அப்போதுதான் நடனம் வந்தது.

ஈப்போவில் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கு நடனப் போட்டி என்று அறிவித்தார்கள். எங்கள் டீச்சர், கல்யாணமாகாத சின்னப் பெண், அம்மன் நடனம் ஒன்றைத் தயார் செய்தாள். எட்டுப் பிள்ளைகள், நடுவில் அம்மன். அந்த அம்மன் எங்கள் அக்கா. சும்மா சொல்லவில்லை, அக்கா ஆடினால் பார்க்கவேண்டும். மற்றப் பிள்ளைகள் கையை ஆட்டும். இவள் ஆடும்போது காதும் மூக்கும்கூடச் சேர்ந்து ஆடுகிற மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் தோட்டமே அவளை "பாவம்" என்று பார்த்தது. டீச்சர் ஒருத்திதான் "முதுக நிமித்துடி" என்று அதட்டினாள். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. ஈப்போ மேடையில் ஒரு முறை அம்மனாக நின்றுவிட்டால் யாரும் தன்னைச் சீனிக்காரி என்று கூப்பிட மாட்டார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

முதல் நடுக்கம் கோயிலில் வந்தது. திருவிழாவுக்குக் கொடியேற்றிய நாள். ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று டீச்சர் பிள்ளைகளைக் கோயில் முன்னால் ஆடவைத்தாள். உருமி அடித்தார்கள். பாதி ஆட்டத்தில் அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண் எங்கேயோ குத்திட்டு நின்றது. டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு அர்த்தமில்லாமல் சிரித்தாள்.

"ஆத்தா வந்துட்டா!" என்று ஒரு பொம்பளை கத்தினாள். அவ்வளவுதான். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. அம்மா ஓடிவந்து பெற்ற மகளின் காலில் விழுந்தாள். பூசாரி வேப்பிலையால் தடவி, திருநீறு போட்டு, சாமி வந்தவர்களுக்குக் கொடுக்கிற பானகத்தை, அதுதான் வெல்லம் கரைத்த தண்ணியை, அக்காவின் வாயில் ஒரு சொம்பு ஊற்றினார். வேறு யார் கொடுத்திருந்தாலும் அம்மா தட்டிவிட்டிருப்பாள். அம்மனுக்கு ஊற்றுவதை எப்படித் தடுப்பாள்? கொஞ்ச நேரத்தில் அக்கா சுற்றுமுற்றும் பார்த்து, "என்னாம்மா?" என்றாள். "ஆத்தா மலையேறிட்டா" என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் குளிக்கிற இடத்தில், முதுகு தேய்த்துவிடும்போது, அக்கா என்னிடம் சொன்னாள்.

"பாப்பா, ஆத்தாவெல்லாம் வரல. மொதல்ல வாயச் சுத்தி மரத்துப்போச்சு. அப்பறம் வேர்த்துச்சு. அப்பறம் டீச்சர் ரெண்டு டீச்சரா தெரிஞ்சாங்க. அந்தப் பானகம் உள்ள போச்சு பாரு, ரெண்டு டீச்சரும் ஒண்ணாயிட்டாங்க."

"அப்ப இனிப்புத் தின்னா உனக்கு நல்லதாக்கா?"

"சும்மா இருக்கறப்பத் தின்னா தாகம் வரும். ஆடுறப்பத் தின்னா நடுக்கம் நிக்குது. அதான் எனக்கும் புரியல" என்றாள்.

புரியாவிட்டாலும் பழகிக்கொண்டாள். பெஞ்சுமேல் ஸ்டூலை வைத்து ஏறி பிஸ்கட் டின்னிலிருந்து சீனி எடுத்தாள். பழைய பாவாடைத் துணியைக் கிழித்து, அதில் சீனியை முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சிட்டிகை. வாய் மரத்தால் இன்னொரு சிட்டிகை. அதிகமாகிவிட்டால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பாள். அடுத்த நாள் குறைத்துக்கொள்வாள். இன்றைக்கு அந்த மிஷின் போடுகிற கணக்கைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நாக்கு நுனியில் வைத்துப் போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் நடந்தது. ஒத்திகையில் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. ஆத்தா ஏன் இப்போது வருவதில்லை, வீட்டில் ஏதாவது தீட்டா என்று பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் விசாரித்தாள். அந்தக் கூத்தையும் பார்த்தோம்.

எறும்புதான் காட்டிக்கொடுத்தது. அக்காவின் பாயைச் சுற்றி எறும்பு. அம்மா தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் சீனி முடிச்சு. அகப்பைக் காம்பால் அடித்தாள் பாருங்கள், நான் அதற்கு முன்னும் பின்னும் அம்மா அப்படி அடித்துப் பார்த்ததில்லை.

"நடுங்குதும்மா! சீனி தின்னா நின்னுருதும்மா!" என்று அக்கா அலறினாள்.

"நடுங்குறதும் ஆத்தா, நிக்கிறதும் ஆத்தா! சீனி திங்கிறது மட்டுந்தான்டி நீ! ஒன்னயப் பொழைக்க வெக்க நாங்க வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கோம், நீ வெசத்தத் திங்கிறியா?"

அடித்து முடித்ததும் அகப்பையை வீசிவிட்டு, அக்காவைக் கட்டிக்கொண்டு அவளைவிட அதிகமாக அம்மா அழுதாள். லயத்துப் பிள்ளைகள் அன்றுமுதல் அக்காவைச் "சீனித் திருடி" என்றார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு முடிச்சு அவள் இடுப்பில் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிரசரிடம் சொல்லிவைத்து விடியற்காலையிலேயே ஊசி போட்டாயிற்று. ஊசி போட்டால் சாப்பிடவேண்டும். ஆனால் அம்மனாக ஆடுகிறவள் விரதம் இருக்கவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். வயிறு நிறைந்தால் ஆட முடியாது என்று டீச்சரும் சொன்னாள். அக்கா லாரியில் முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். சுண்ணாம்பு மலைகள் தெரிந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஈப்போ வந்துவிட்டது என்று கத்தின.

மண்டபத்தில் ஒரே கூட்டம். சித்தியவான் தோட்டத்துப் பிள்ளைகள் பளபளவென்று ஒரே மாதிரி உடுப்பில் வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் தங்கள் உடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டன. மேடைக்குப் பின்னால் அம்மா அக்காவுக்குச் சிவப்புப் பட்டு கட்டினாள். அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடம், முகத்தில் மஞ்சள் பூச்சு, கையில் மரச் சூலம். கொசுவத்தை இழுத்துச் செருகும்போது அம்மாவின் கையில் முடிச்சு தட்டுப்பட்டது.

எடுத்துப் பார்த்தாள். பிரித்துப் பார்த்தாள். நக்கிப் பார்த்தாள்.

"அம்மா, வேணாம்மா. திங்க மாட்டேம்மா, சத்தியமா திங்க மாட்டேன். சும்மா இடுப்புல இருக்கட்டும்மா" என்று அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"சாமி வேசத்துல சத்தியம் பண்ணாதடி" என்றாள் அம்மா. கூட்டத்தில் அடிக்க முடியவில்லை. பின்கதவைத் திறந்து, சாக்கடையில் சீனியைக் கொட்டி, துணியை உதறிவிட்டு வந்தாள்.

நான் அக்காவின் காதில், "ஆடாதக்கா, வயித்து வலின்னு சொல்லிரு" என்றேன்.

அக்கா மேடைப் பக்கம் பார்த்தாள். "ஆடாம எப்புடி பாப்பா?" என்றாள். "சின்ன டான்ஸ்தான். சீக்கிரம் முடிஞ்சிரும்." எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

பாட்டுப் பாதிவரை அவள் ஆடியது மாதிரி நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அதற்கப்புறம் மஞ்சள் பூச்சு வேர்வையில் கோடு கோடாக வழிந்தது. மற்றப் பிள்ளைகள் வலப்பக்கம் போனபோது இவள் இடப்பக்கம் போனாள். சூலம் கையை விட்டு விழுந்தது. விழுந்ததையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பெல்லாம் நடுங்கியது. முன்வரிசையில் ஒரு பொம்பளை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். மண்டபம் முழுக்கக் குலவை. கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அக்கா சரிந்து விழுந்தாள்.

டீச்சர் எங்கிருந்தோ ஒரு போத்தல் ஆரஞ்சுத் தண்ணியை வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். மயங்கி விழுந்த பிள்ளைக்கு எல்லாரும் கொடுக்கிறதுதானே. அக்காவின் உதட்டருகே கொண்டுபோனாள்.

"வேணாம் டீச்சர்! அவளுக்கு இனிப்பு ஆகாது!" அம்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். போத்தல் உருண்டு, ஆரஞ்சுத் தண்ணி மேடைப் பலகையில் ஓடியது.

சாமி வந்த பிள்ளையைச் சாமியிடம்தான் கொண்டுபோகவேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பக்கத்துத் தெருக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். வேப்பிலை, திருநீறு, மஞ்சள் தண்ணி. அங்கே திருவிழா இல்லை, பானகம் இல்லை. ஆத்தா மலையேறட்டும், அவசரப்படுத்தக்கூடாது என்று சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். வெயில் கோயில் தூணைத் தாண்டிப் போனது. அக்காவுக்குக் கையும் காலும் இழுக்க ஆரம்பித்து, வாயில் நுரை வந்தபிறகுதான் அப்பா அவளை அள்ளிக்கொண்டு டாக்சிக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மாடி வார்டு. ஒரு சீன டாக்டர் வெளியே வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. அப்பாவிடம் ஏதோ கேட்டார், அப்பா விழித்தார். டாக்டர் வேகமாக, "குலா தூருன், பாஞாக் தூருன்!" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

தூருன் என்றால் இறங்கு. பஸ்ஸில் கண்டக்டர் தினமும் கத்துகிற சொல். அப்பா அம்மா பக்கம் திரும்பினார். அந்தக் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. "சீனியாலதானாம். நம்மளக் கீழ எறங்கச் சொல்றாரு."

நாங்கள் கீழே இறங்கினோம். படிக்கட்டுக்குக் கீழே ஒரு மர பெஞ்சு. அங்கேயே உட்கார்ந்திருந்தோம். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம். அம்மா அக்காவின் கிரீடத்தை மடியில் வைத்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு மிஸ்ஸி வந்து, இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று திட்டினாள். மேலே போனபோது அக்காவின் முகத்தை மூடியிருந்தார்கள். மஞ்சள் பூச்சு போர்வையில் ஒட்டியிருந்தது.

சாவு வீட்டில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஒளித்து ஒளித்துச் சீனி தின்றாள், சீனி கொன்றுவிட்டது, டாக்டரே சொன்னார். காரியம் முடிந்த பிறகு அம்மா அந்தச் சிவப்புப் பட்டின் ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துத் தேடினாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. "இன்னொரு முடிச்சு எங்கயோ வெச்சிருந்திருக்கா. அதத்தான் தின்னுருக்கா" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியானால் எல்லாவற்றையும் தின்றுவிட்டாள் என்று முடிவு செய்தாள்.

எண்பதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். கடைசிவரை சீனியில்லாத தேத்தண்ணிதான். நானும் அம்மாவும் ஈப்போவில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்தோம். நான் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். அம்மாவுக்கும் சீனி வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். கிளினிக்கில் ஒரு மலாய் மிஸ்ஸி, மாத்திரை போட்டால் பட்டினி கிடக்கக்கூடாது என்று சொல்லி, "நந்தி குலா தூருன்" என்று எச்சரித்தாள். அப்புறம் சீனி இறங்கிவிடும்.

நான் பள்ளிக்கூடத்தில் மலாய் படித்தவள். அந்த இரண்டு சொல்லும் என் முன்னால் வந்து நின்றன. சீனி இறங்கிவிட்டது, ரொம்ப இறங்கிவிட்டது. அந்த டாக்டர் எங்களைக் கீழே போகச் சொல்லவே இல்லை. "நடுக்கம் வந்தால் என்ன செய்வது?" என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. பக்கத்தில் அம்மா சும்மா உட்கார்ந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். இதை இவளிடம் சாகும்வரை சொல்லக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு என்னிடம் சொல்லாமல் விரதம் இருந்திருக்கிறாள். மதியம் வேர்வை, நடுக்கம், வாய்க்கு வந்த உளறல். நான் சீனித்தண்ணி கரைத்துக் கரண்டி கரண்டியாக வாயில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள்.

"என்னாடி குடுத்தே?"

"சீனித்தண்ணிம்மா."

"சீனியா?" அவள் கையை நீட்டிப் பார்த்தாள். நடுக்கம் நின்றிருந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வயசானவங்களுக்கு வர்ற சீனிம்மா. அது வேற, இது வேற" என்றேன். யாரைப் பற்றி என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "ம்" என்றாள். எழுந்து போய் அரிசி களைந்தாள். தண்ணீர் வெள்ளையாகப் போவது நின்று, தெளிந்து, அதற்கப்புறமும் களைந்துகொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள், சாப்பாட்டைத்தான் சாப்பிடவில்லை. பசியில்லை, பிடிக்கவில்லை, அப்புறம் சாப்பிடுகிறேன். நடுக்கம் வரும். வருவது அவளுக்கே தெரியும். நினைவு இருக்கும்போதே பல்லை இறுக்கிக் கடித்துக்கொள்வாள். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவேன்.

"வாயத் தெறம்மா. ஒரு கரண்டிம்மா."

ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாள். "அவ கேட்டா. நான் குடுக்கலடி. எனக்கு மட்டும் எதுக்கு?"

கரண்டிக் காம்பால் பல்லைப் பிரித்துத்தான் ஒவ்வொரு தடவையும் உள்ளே விட்டேன். ஒரு நாள் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள், நான் வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சில்லிட்டிருந்தாள். காலையில் நான் கரைத்து மூடி வைத்துவிட்டுப் போன சீனித்தண்ணி அவள் பக்கத்து மேசையில் அப்படியே இருந்தது. கையை நீட்டினால் எட்டுகிற தூரம்தான்.